அணைத்துவைத்த மேடை விளக்குகள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி. மயிலாப்பூரில் ஒரு சிறிய சபாவில் என் மனைவிக்கு மதியக் கச்சேரி கிடைத்திருந்தது. இளம் பாடகர்களுக்கு ஒதுக்கும் நேரத்தை ஐம்பதைக் கடந்த ஒரு பாட்டு ஆசிரியைக்கு இரக்கப்பட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். இரக்கமோ என்னவோ, மேடை மேடைதான் என்றாள் அவள்.

அடையாற்று மருத்துவமனையில் புற்றுநோய்க்கான மருந்து ஏற்றி முடித்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். தலைமுடி முழுவதும் உதிர்ந்து, நரை இப்போதுதான் முள்முள்ளாகத் துளிர்த்திருந்தது. என் தங்கை ஒரு விக் வாங்கி வந்தாள். “பாடத்தானே போறேன்? பின்னல் போட்டுண்டு மணையில உக்காரவா போறேன்?” என்று சிரித்து அதை ஒதுக்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் கூடவே இருந்தவள் என் தங்கை. அவள் கண் கலங்கியதைப் பார்த்து, தலையைச் சுற்றிச் சால்வை போர்த்திக்கொள்ள மட்டும் என் மனைவி இசைந்தாள்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “ஏன்னா, நீங்க போட்டோ எடுங்கோ. எப்படி இருக்கேனோ அப்படியே.”

இத்தனை வருட மேடையில் அவள் கேட்ட ஒரே புகைப்படம் அது.

என்னிடம் இருந்தது ஒரு பழைய கேமரா, ஒரே லென்ஸ், ஒரு கறுப்பு வெள்ளைச் சுருள். ஃபிளாஷ் கூடாது என்பது சபாவின் விதி. அது நியாயம். ஆனால் அரங்கில் நுழைந்தபோது மேடையின் முன்விளக்குகளும் அணைந்திருந்தன. திரைக்கு மேலே ஒரு மங்கிய குழல்விளக்கு மட்டும் எரிந்தது. பழுதோ என்று காரியதரிசியை விசாரித்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“மாமிக்குச் சங்கடமா இருக்கப்படாதேன்னு நான்தான் சார் அணைக்கச் சொன்னேன்.”

“சங்கடம் அவளுக்கு இல்லை. விளக்கைப் போடச் சொல்லுங்கள்.”

அவர் என் தோளை மெல்லத் தட்டிவிட்டு கான்டீன் பக்கம் நடந்தார். விளக்கு வரவில்லை. அதற்குள் சுருதி சேர்ந்துவிட்டது.

கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவன் நான். அந்த வெளிச்சத்தில் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவ்வளவு நேரம் எந்தப் பாடகியும் அசையாமல் இருக்கமாட்டாள். ஸ்டாண்டும் கிடையாது. முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியின் முதுகில் கைக்குட்டையை மடித்து வைத்து, அதன்மேல் கேமராவை இருத்தினேன். ராக ஆலாபனையில் எடுத்தவற்றில் கை மேகமாகத்தான் பதியும் என்று எடுக்கும்போதே தெரிந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் ஷட்டர் சத்தத்தைக் கேட்டு, “என்ன சார், மிருதங்கத்துக்குப் போட்டியா?” என்றார்.

அவர் கேலிதான் வழி காட்டியது. தனி ஆவர்த்தனத்துக்காகக் காத்திருந்தேன். மிருதங்கம் தனித்து ஒலிக்கும் அந்த நேரத்தில் பாடுபவருக்குத் தாளம் போடுவது ஒன்றே வேலை. ஷட்டர் சத்தமும் அந்த ஒலியில் அமுங்கிவிடும். கடைசியில் மிருதங்கம் ஒரே கோர்வையை மூன்று முறை வாசித்து முடிக்கும். மூன்றாவது முறை முடியும் இடத்தில்தான் பாட்டை மறுபடி எடுக்க வேண்டும். அதற்காக மூச்சை இழுத்து அடக்கி, அவள் ஒரு கணம் சிலைபோல அசையாமல் இருப்பாள். வீட்டுச் சாதகத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கோர்வை தொடங்கியது. அவள் வலக்கை தாளத்தை விடவில்லை. இடக்கை மேலே போய்ச் சால்வையை உருவி மடியில் போட்டது. அரங்கில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் நேராக லென்ஸைப் பார்த்தாள். மூச்சை அடக்கினாள், நானும் அடக்கிக்கொண்டேன். அழுத்தினேன்.

தி. நகரில் ஒரு ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தேன். கடைக்காரர் நெகடிவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நல்ல மனதோடுதான் சொன்னார்: “ஒண்ணுதான் சார் தேறி கீது. டச்சிங்ல முடி போட்டுக் குடுத்துர்றேன், அச்சு அசல் மாதிரியே இருக்கும்.”

“அசலே இதுதான். இப்படியே போடுங்கள்,” என்றேன்.

அடுத்த மார்கழிக்கு அவள் இல்லை. கூடத்தில் மாட்டுவதற்கு, இடுப்புவரை பின்னல் தொங்கும் பழைய படம் ஒன்றை உறவினர்கள் எடுத்து வைத்திருந்தார்கள். நான் இதை மாட்டினேன். மணல்மணலாக இருக்கிறது, தாளம் போட்ட கை கலங்கியிருக்கிறது, பார்க்கவே மனசு கேட்கவில்லை என்றெல்லாம் சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன், கழற்றவில்லை.

அந்த மங்கல் வெளிச்சத்தால்தான் படத்துக்கே ஒரு அழகு வந்தது என்று ரசனையுள்ள நண்பர்கள் இன்றும் சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. விளக்குகள் எரிந்திருக்க வேண்டும். அவை எரியாதபோதும் அவள் தன்னைத் தெரியவைத்தாள் என்பதுதான், வெறும் சுவராகிவிட்ட இந்த வீட்டில் என்னை இன்னும் நிமிர்ந்து உட்காரவைக்கிறது.