ஏரோப்பிளேன் சாமிக்குப் பிராந்தி

செத்துப்போன வெள்ளைக்காரன் ஒருவன் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பொறாமை. சிரிக்காதீர்கள். அந்த ஆளுக்கு வருஷாவருஷம் ஆடி மாதத்தில் பிராந்தி, சிகரெட், பன்னு, வறுத்த வஞ்சிரம் எல்லாம் வாழை இலையில் வைத்துப் படைப்பார்கள். பாவாடை கட்டிய வயதில் ஓரமாக நின்று அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் காரணமே இல்லாமல் சண்டை போடுவேன்.

திருமழிசையில் எங்கள் தெருவைத் தாண்டி, இப்போது பிளாட் போட்டுக் கலர் கொடி நட்டிருக்கும் இடமெல்லாம் அன்றைக்கு நெல் வயல். உலகச் சண்டை நடந்த காலத்தில் பயிற்சிக்குப் பறந்த மிலிட்டரி ஏரோப்பிளேன் ஒன்று அங்கே விழுந்து எரிந்தது. யாரும் சுட்டு வீழ்த்தவில்லை, இஞ்சின் கெட்டுப்போய்த் தானாக விழுந்தது. ஓட்டியவனும் செத்தான், கீழே நாற்று நட்டுக்கொண்டிருந்த என் அத்தையும் செத்தாள் என்பது ஊர்க்கதை. அத்தை என்றால் என் அப்பாவின் மூத்த அக்கா, கல்யாணம் ஆகாதவள். அப்பா அப்போது இடுப்பில் துணி நிற்காத பிள்ளை.

நிலம் பெரிய வீட்டுக்காரர்களுடையது. நாங்கள் அதில் கூலி வேலை செய்தவர்கள். அகாலமாகப் போன வெள்ளைக்காரன் ஆவியாக அலைந்து விளைச்சலைக் கெடுத்துவிடுவான் என்று பெரிய வீட்டில் பயந்து, ஒரு கல்லை நட்டுப் படையல் போட ஆரம்பித்தார்கள். பயம் போய் பக்தி வந்து, அவன் ஏரோப்பிளேன் சாமி ஆகிவிட்டான். என் அத்தைக்கு அந்த வயலில் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. கல்லைச் சுற்றிப் புல் செதுக்கியது யார் தெரியுமா? என் அப்பாதான்.

அத்தையை நாங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். வயசில் போன பெண்ணை எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். ஒரு மூங்கில் கூடையில் புதுப்புடவை, வளையல், மஞ்சள், குங்குமம். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளை அழைத்து உத்தரவு வாங்கிய பிறகுதான் பந்தக்கால் நடுவோம். எங்களுக்கு அவள் தெய்வம், ஊருக்கு யாருமே இல்லை. அந்த வயிற்றெரிச்சல்தான் எனக்கு.

இப்போது கல்லைப் பார்த்துக்கொள்வது பெரிய வீட்டு மருமகள். கரையான்சாவடியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறாள். நான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் கம்பெனியில் பேக்கிங் வேலை. என்னைவிட இளையவள்தான், ஆனாலும் நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை 'இன்னாமே' என்பாள். பழகிப்போய்விட்டது, பிடித்துப்போகவில்லை.

போன வருஷம் யூடியூப் பையன் ஒருவன் கேமராவோடு வந்தான். இவள் பட்டுப்புடவை கட்டி, கல்லுக்குப் பக்கத்தில் நின்று, ஏதோ தானே ஏரோப்பிளேனைத் தரையிறக்கின மாதிரி பேசினாள். எல்லாம் பேசி முடித்துக் கடைசியில், போகிற போக்கில், "ஒரு கூலிப் பொண்ணும் கூட பூட்ச்சாம்" என்றாள். அவ்வளவுதான். என் அத்தை அந்த ஒரு வரிதான். செல்போனில் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தேன். என் வீட்டுக்காரர், "போன ஒடச்சிடாதேமே" என்று வாங்கி வைத்துவிட்டார்.

அந்த வீடியோ எங்கெங்கேயோ சுற்றி, விமானியின் பேத்தி கண்ணில் பட்டுவிட்டது. இந்த ஆடிக்கு அவளே வருகிறாளாம். பஸ் ஸ்டாப்பில் பெரிய வீட்டு மருமகள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாமே, உன் பொண்ணு இங்கிலீஷ் சோக்கா பேசுமே. ஞாயித்துக்கெயம அனுப்பு. அந்தம்மா பேசறத எங்களுக்குச் சொல்லட்டும்."

என் பெண் அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். சரி என்று அவள் முன்பே சொல்லிவிட்டாளாம். "பாவம்மா, தாத்தா செத்த எடத்தப் பாக்க அவ்ளோ தூரத்துல இருந்து வர்றாங்க" என்றாள். "உனக்குப் பாட்டி மொறை ஆவறவளும் அங்கதான்டி செத்தா, அவளப் பாக்க எவ வந்தா?" என்று கத்திவிட்டேன். கத்தினேனே தவிர, ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு முன்னாடியே போய் நின்றேன்.

பேத்திக்கும் என் வயதுதான் இருக்கும். வெயிலில் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. பெரிய வீட்டு மருமகள் மாலை போட்டு, கையைப் பிடித்துக் கல்லுக்கு முன்னால் அழைத்துப் போனாள். இலை நிறையப் படையல். பிராந்தியைக் கல்லின் மேல் ஊற்றி, சிகரெட்டைப் பற்றவைத்து ஒரு விரிசலில் செருகினார்கள். அந்தம்மா என் பெண்ணைத் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டாள். என் பெண் விளக்கினாள். அந்தம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. மெதுவாக ஏதோ சொன்னாள். என் பெண் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டு எங்களிடம் சொன்னாள்.

"அவங்க தாத்தா இங்க சாகலையாம்."

"அப்ப எங்கமே செத்தாரு? ஆஸ்பத்திரிலயா?" என்றாள் பெரிய வீட்டு மருமகள்.

"அவங்க ஊர்ல, அவரு கட்டில்ல. நல்லா வயசாகி. பாராசூட்டுல குதிச்சி ஏரிப் பக்கம் எறங்கிட்டாராம். மிலிட்டரி வண்டி வந்து கூட்டிகினு போயிடுச்சாம். அப்பறம்..." என் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவரு பிராந்திய தொடவே மாட்டாராம். சிகரெட்டும் கெடயாதாம்."

கல்லின் விரிசலில் சிகரெட் மட்டும் புகைந்துகொண்டிருந்தது. எனக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது. செத்தவன் முகத்தைப் பார்த்ததாக ஊரில் யாருமே சொன்னதில்லை. மிலிட்டரிக்காரர்கள் வெள்ளைத் துணியைப் பெரிய மூட்டையாகக் கட்டி லாரியில் ஏற்றியதைப் பார்த்தோம் என்றுதான் சொல்வார்கள். நம் ஊரில் வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கிப்போனால் வேறு என்னவென்று நினைப்பார்கள்? இத்தனை காலமும் ஒரு பாராசூட்டுக்கு வஞ்சிரம் வறுத்திருக்கிறார்கள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். என் வாழ்நாளில் வயிறு அப்படிக் குளிர்ந்ததே இல்லை.

அந்தம்மா சிரிக்கவில்லை. திரும்பப் பேச ஆரம்பித்தாள். என் பெண்ணின் குரல் மாறிவிட்டது.

"தாத்தா குதிக்கறதுக்கு முன்ன கீழ பாத்தாராம். தண்ணியில பொம்பளைங்க நின்னுகினு இருந்தாங்களாம். எல்லாரும் ஓடினாங்களாம், ஒரு பொண்ணு மட்டும் நாத்துக் கட்டோட நின்னுட்டாளாம். சாவற வரைக்கும் அதயே சொல்லிகினு இருந்தாராம். வீடியோல கூலிப் பொண்ணுன்னு சொன்னத யாரோ இங்கிலீஷ்ல எழுதிப் போட்ருக்காங்க. அந்தப் பொண்ணு யாருன்னு பாக்கத்தான் வந்தாங்களாம்."

பெரிய வீட்டு மருமகளைச் சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. கண் இமைக்கும் நேரத்தில் இலையிலிருந்து பிராந்தி பாட்டிலை எடுத்துப் பின்னால் மறைத்துவிட்டாள். "சொல்லும்மா, அந்தப் பொண்ணுக்கும் சேத்துதான் இந்தக் கல்லு. எங்க நெலத்துல வேல செஞ்ச பொண்ணு, வுட்ருவமா? எங்க வூட்டுப் பொண்ணு மாதிரிதான்."

என் பெண் அதை மொழிபெயர்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். ஆயுசு முழுக்க நான் ஆசைப்பட்ட கல். ஒரு வார்த்தை பேசாமல் தலையாட்டினால் போதும், அது அத்தையுடையதாகிவிடும். ஆனால் யார் கையிலிருந்து? உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அதச் சொல்லாதடி. அவ எங்க அத்த. இந்தக் கல்லுல இல்ல, எங்க வூட்டுல கீறா. அந்தம்மாவ அங்க வரச்சொல்லு" என்றேன்.

அந்தம்மா மாலையோடு எங்கள் தெருவில் நடந்து வந்தாள். வீட்டுக்குள் வந்து, நான் சேர் போட்டும் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். கூடையைத் திறந்து காட்டினேன். புடவையைத் தொடலாமா என்று கேட்டுத்தான் தொட்டாள். அழுதாள். பெரிய வீட்டு மருமகளும் பின்னாலேயே வந்து வாசல்படியில் நின்றாள். அந்த வீட்டுக்காரர்கள் எங்கள் வாசல் வரை வந்தது அதுதான் முதல் தடவை.

பிறகு அந்தம்மா தன் செல்போனில் தாத்தாவின் படத்தைக் காட்டினாள். பழுத்த கிழவர். சுருக்கம் விழுந்த முகம் முழுக்கச் சிரிப்பு. முன்னால் கேக். மடியில் இரண்டு குழந்தைகள், தோளைப் பிடித்துக்கொண்டு இன்னும் நான்கைந்து. பின்னால் ரோஜாச் செடி வைத்த தோட்டம்.

அப்போது வந்தது பாருங்கள் பொறாமை! கல்லுக்காகவும் வஞ்சிரத்துக்காகவும் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. இந்த ஆளுக்குத் தலை நரைத்திருக்கிறது. பல் போயிருக்கிறது. பேரப்பிள்ளை மடியில் மூத்திரம் போயிருக்கும். என் அத்தை மடியில் நாங்கள் ஒருவரும் உட்காரவில்லை. எங்களைத் திட்ட, தலை வார, நாத்தனார் சண்டை போட்டு என் அம்மாவை அழவைக்க அவள் இருந்திருக்க வேண்டும். அந்தச் செல்போனைப் பிடுங்கித் தெருவில் எறியலாம்போல இருந்தது.

அந்தம்மா கைகளைக் குவித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"தாத்தாக்காக மன்னிப்பு கேக்கறாங்கம்மா" என்றாள் என் பெண். "இன்னா சொல்லட்டும்?"

"பரவால்லன்னு சொல்லுமே. அவ்ளோ தூரத்துல இருந்து வந்துகீது" என்றது வாசல்படியிலிருந்து குரல்.

"நீ சும்மா இரு!" என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரவாயில்லை என்று சொல்லும் உரிமை அத்தைக்குத்தான் இருந்தது. அவள் நாற்றுக் கட்டோடு சேற்றிலேயே போய்விட்டாள்.

"சாப்ட்டுட்டுப் போவச்சொல்லு" என்றேன்.

கூடைக்கு முன்னாலேயே தட்டு வைத்துச் சோறு போட்டேன். காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அந்தம்மா கையால் பிசைந்து சாப்பிட்டாள்.