பிளேடு போடாத ரேசர்

சிரம்பான் பக்கம் அம்பாங்கான் பாசாரில் ஒருவனைப் பார்ப்பீர்கள். இடது கன்னத்தில் நெஞ்சைத் தொடும் தாடி. வலது கன்னம் மொழுமொழுவென்று இருக்கும். மீன் கடைக்காரன்கூட அவன் முதுகுக்குப் பின்னால் சிரிப்பான். நீங்கள் தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

இது கட்டிவிட்ட கதை இல்லை. நம்பாதவர்கள் கோலா சாவா தோட்டத்துக்குப் போய்த் தங்கராஜு கிழவரைக் கேட்டுப் பாருங்கள். எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார். எனக்கு அந்தச் சாட்சியே போதும்.

அவன் பெயர் வசந்தன். தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிற வேலை. நல்லவன்தான், ஆனால் ஒரு பைத்தியம் உண்டு. பழைய காலத்து ரேசர்களைத் தேடித் தேடி வாங்குவான். பிரஷ்ஷைச் சுடுதண்ணீரில் ஊறப் போட்டு, கிண்ணத்தில் சோப்பைக் குழைத்து, நுரையைப் பூசி, பொறுமையாக இழுத்து... ஒரு சவரத்துக்கு அரைமணி நேரம் ஆகும்.

“கல்யாண மாப்பிள்ளைகூட இவ்ளோ நேரம் எடுக்க மாட்டான் லா” என்று அவன் மனைவி மோகனா கிண்டலடிப்பாள்.

அப்பேர்ப்பட்டவன் மாதக்கணக்கில் தாடி விட்டிருந்தான். காரணம், மோகனா மாசமாக இருந்தாள். பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக் கூடாது என்பது நம் ஆட்களுக்குத் தெரிந்த விஷயம்தானே. அதிலும் இவர்களுக்கு முன்னால் இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. இரண்டாவது தடவை மோகனா நாட்கணக்கில் சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தாள். அந்த முதுகை அவனால் மறக்க முடியவில்லை. இந்தப் பிள்ளை மட்டும் உயிரோடு கைக்கு வரட்டும், கழுத்தை வெட்டினாலும் தாடியை எடுக்க மாட்டேன் என்று இருந்தான்.

வளைகாப்பு முடிந்ததும் மோகனாவை அவள் அம்மா குமுதவல்லி கோலா சாவா எஸ்டேட் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். குமுதவல்லி தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயங்களை இடித்துவிட்டார்கள். கணக்கு எழுதுகிற கிராணி இருந்து, பல காலம் பூட்டிக் கிடந்த வீட்டை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். பலகை வீடு. சுற்றிலும் செம்பனை. சனி, ஞாயிறு என்றால் வசந்தன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே வந்துவிடுவான்.

அந்த வீட்டின் குளியலறைச் சுவரில் கண்ணாடி வைத்த சின்ன அலமாரி ஒன்று பதித்திருந்தார்கள். அதன் உள்பக்கம் ஓர் ஒல்லியான பிளவு. அந்தக் காலத்தில் மழுங்கின பிளேடை அதற்குள் போட்டுவிடுவார்கள். சுவரின் இரண்டு பலகைக்கு நடுவே விழுந்து அங்கேயே கிடக்கும். வசந்தனுக்கு அது ஒரு புதையல் மாதிரி. அலமாரியைத் துழாவினான். மேல்தட்டின் மூலையில் மெழுகுத்தாளில் சுற்றிய ஒரு பொருள்...

ரேசர். கனமான பித்தளை ரேசர். பிடியின் அடியைத் திருகினால் தலை இரண்டு கதவு போலத் திறக்கும்.

உள்ளே பிளேடு இல்லை.

ஆசை யாரை விட்டது? கையில் வைத்துப் பார்த்தான். பிளேடு போடவில்லை, அப்புறம் அது எப்படிச் சவரம் ஆகும்? நுரையைப் பூசி, வெறும் ரேசரால் வழித்துப் பார்த்தால் என்ன? முடி போகாது, நுரைதான் போகும். சாமி குத்தமும் இல்லை, சாங்கியமும் கெடாது என்று கணக்குப் போட்டான். நம்ம ஆளுக்குத்தான் குறுக்கு வழி கண்டுபிடிக்கச் சொல்லித் தர வேண்டுமா?

குமுதவல்லி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, வலது கன்னத்தில் ஒரே ஓர் இழுப்பு இழுத்தான். கன்னத்தைத் தடவினான். தாடி அப்படியே இருந்தது. சிரித்துக்கொண்டே ரேசரைத் தொட்டித் தண்ணீரில் அலசினான்.

தொட்டியில் முடி மிதந்தது.

சின்னச் சின்ன முடி. வெள்ளை முடி.

வசந்தனின் தாடியில் ஒரு வெள்ளை முடி கிடையாது.

பழைய ரேசர்தானே, உள்ளே ஒட்டிக் கிடந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். மெழுகுத்தாளில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தான். மோகனாவிடம் மூச்சுவிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவன் வாசலில் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். மோகனா உள்ளேயிருந்து வந்தாள். முகம் சரியில்லை.

“சேவ் பண்ணீங்களா?”

“நானா? இல்லையே.”

“பாத்ரூம்ல டக் டக்குனு தட்டுற சத்தம் கேட்டுச்சு. நீங்க வீட்ல ரேசர தட்டுவீங்களே, அதே மாதிரி...”

“அத்தையா இருக்கும்.”

“அம்மா என் பக்கத்துல படுத்திருக்காங்க.”

உள்ளே போய்ப் பார்த்தான். ரேசர் தொட்டி விளிம்பில் இருந்தது. ஈரமாக. அறை முழுக்கச் சோப்பு வாசனை... அவன் சோப்பு இல்லை. ஏதோ பழைய, காரமான வாசனை.

அப்போது சுவருக்குள்ளே,

டிங்...

ஒரு பிளேடு விழுகிற சத்தம்.

இதைக் கொண்டுபோய் ஆற்றில் எறிய வேண்டும், இப்போதே எறிய வேண்டும் என்று ரேசரை எடுத்தான். எடுத்தது ஞாபகம் இருக்கிறது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அவன் சுடுதண்ணீரே திறக்கவில்லை.

ஆவியைக் கையால் துடைத்தான்.

முகத்தில் நுரை.

அவன் பூசவில்லை.

கை தானாக மேலே போனது... சர்ர்ர்... என்று ஒரு சத்தம். இந்தத் தடவை கன்னம் எரிந்தது.

நுரையோடு கறுப்பு முடி கொத்தாக விழுந்தது.

சர்ர்ர்...

“வேணாம்...” என்றான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

வலது பக்கம் முழுசும் போய்விட்டது. கை நின்றது. ரேசரின் தலையைத் திருகித் திறந்தான்.

உள்ளே பிளேடு இருந்தது. துருப் பிடித்த பிளேடு.

அதே நொடி அறையிலிருந்து மோகனா அலறினாள்.

சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது. குமுதவல்லி வழி நெடுக அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைவிட நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஆனால் பிள்ளை பிறந்தது. குறைமாசம்தான், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெண் குழந்தை. மூச்சு விட்டது. மோகனாவும் கண் விழித்தாள். வசந்தன் தாழ்வாரத்தில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான். போகிறவர் வருகிறவரெல்லாம் பாதித் தாடியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் நர்ஸ் வந்து, நாளைக்குப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கலாம், குளித்துச் சுத்தமாக வா என்றாள். பிள்ளைதான் பிறந்துவிட்டதே, இனி என்ன? எதிர்க்கடையில் ஒரு பிளாஸ்டிக் ரேசர் வாங்கினான். மோகனாவின் துணிகளை எடுக்கத் தோட்டத்து வீட்டுக்கு வந்தான். அந்தப் பித்தளை ரேசரைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. வெளியே குழாயடியில் நின்று இடது பக்கம் நுரை பூசினான்.

“தம்பி! வேணாம்!”

பக்கத்து வீட்டுத் தங்கராஜு. தோட்டத்தில் லாரி ஓட்டியவர். பிள்ளை விவரம் கேட்க வந்தவர், ஓடி வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வலது பக்கம் நீயா எடுத்த?”

வசந்தன் வலது கன்னத்தை இன்னொரு கையால் மூடிக்கொண்டான்.

“வீரமுத்து கிராணி இருந்த வீடு இது. அவருக்கும் சேவ் பண்றதுன்னா உசுரு. பொண்டாட்டி முழுகாம இருந்தப்ப, பிளேடு போடல, அப்புறம் எப்படி சவரம் ஆவும்னு எங்ககிட்டயே சொல்லிச் சிரிச்சாரு...”

அந்த வார்த்தையை வசந்தன் மனசுக்குள் மட்டும்தான் சொல்லியிருந்தான்.

“அந்தம்மாவ நான்தான் லாரில ஏத்திட்டுப் போனேன். இதே மாதிரிதான் நின்னாரு, பாதி முகத்தோட. பிள்ளை நல்லாத்தான் பொறந்துச்சு தம்பி. வீல்னு கத்துச்சு, நான் கேட்டேன். சரி, நல்லபடியா முகத்த வச்சிக்கிட்டுப் பிள்ளைய பாக்கலாம்னு வீட்டுக்கு வந்தாரு. அந்தப் பக்கத்தையும் எடுத்தாரு.”

“அப்புறம்?”

“திரும்பிப் போனப்ப ரெண்டு பேரும் இல்ல.”

பிளாஸ்டிக் ரேசர் கீழே விழுந்தது. வசந்தன் முகத்தைக்கூடக் கழுவவில்லை. காய்ந்த நுரையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கண்ணாடிப் பெட்டியில் கன்னத்தை வைத்துப் பார்த்தான். அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்கியது... ஏறி இறங்கியது. விடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. ரோகினி என்று பேர் வைத்தார்கள். குமுதவல்லி அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு வந்துவிட்டாள். வீரமுத்து கிராணி பெண்டாட்டியும் பிள்ளையும் போன பிறகு, தாடி நரைத்துச் சாகிறவரை இடது பக்கத்தில் கத்தி வைக்கவே இல்லையாம். வசந்தனும் வைக்கவில்லை. முதலாளி திட்டினார், சொந்தக்காரர்கள் நக்கலடித்தார்கள். போங்கடா என்று இருந்துவிட்டான்.

போன மாதம்தான் ரோகினி நடக்க ஆரம்பித்தாள். கண்டதை எடுத்து வாயில் வைக்கிற வயசு. ஒரு நாள் காலை மோகனா அவனிடம் கேட்டாள்.

“ரேசர எங்க வச்சிருக்கீங்க? பிள்ளை கைக்கு எட்டாம வைங்க.”

“எந்த ரேசர்?”

“தினம் அந்தப் பக்கம் எடுக்கிறீங்களே, அது.”

வசந்தன் அவளையே பார்த்தான். அவனுடைய ரேசர்களையெல்லாம் பிள்ளை பிறந்த வாரமே எறிந்துவிட்டான். அவனுக்குத் தெரிந்து வீட்டில் ஒரு பிளேடுகூடக் கிடையாது.

“நீதான் நான் தூங்குறப்ப எடுத்துவிடுறன்னு நெனச்சேன்... அந்தப் பக்கமும் வளந்தா நான் மறுபடி கத்தி வச்சிருவேன்னு உனக்குப் பயமா இருக்கும்னு.”

மோகனா மெதுவாகக் கையை நீட்டி அவன் வலது கன்னத்தைத் தொட்டாள். வழவழவென்று இருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை.

அது தோட்டத்துப் பலகை வீடு இல்லை, அவர்களுடைய செங்கல் வீடு; பிளேடு போடச் சுவரில் பிளவே கிடையாது. அந்தச் சுவருக்குள்ளே...

டிங்.