பாண்டிச்செல்வம் திறக்காத மூடி

ராஜபாளையத்தில் வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பாண்டிச்செல்வம்தான். துணி சுற்றும், நுரை வரும், எல்லாம் ஒழுங்காக நடக்கும். கடைசியில் தண்ணீர் மட்டும் போகாமல் உள்ளேயே நிற்கும், கதவும் திறக்காது. போன் போட்டால் சாமான் பையோடு வண்டியில் வந்து இறங்குவார். வடக்கே சுந்தரபாண்டியம், தெற்கே தேவதானம், நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூர் மொத்தமும் அவர் கைக்குள். இருபத்திரண்டு வருஷத் தொழில். அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டு மெஷினில் ஐந்து மாதமாகத் தண்ணீர் இறங்கவில்லை. தெரிந்தால் ஊர் சிரிக்கும் என்பீர்கள். தெரிந்தது, சிரித்தது. அவருக்கு அதுவும் உறைக்கவில்லை.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மெஷினுக்கு முன்னால், அடியில், வலது ஓரத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மூடி இருக்கும். அதற்குள் பில்டர். துணியிலிருந்து உதிர்வதெல்லாம் பம்புக்குப் போகாமல் அதில்தான் வந்து தங்கும். மூடியைத் திருகி இழுத்து, அடைத்துக் கிடப்பதை எடுத்துப்போட்டு, கழுவி மாட்டினால் முடிந்தது. பத்து நிமிஷ வேலை. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள் வீடு என்றால் பஞ்சு பஞ்சாக வரும். மற்ற வீடுகளில் ஊக்குதான். தாலிக்கயிற்றில் நாலு ஊக்கு தொங்காத பொம்பளை நம் பக்கத்தில் உண்டா? அவசரத்துக்குக் கயிற்றிலிருந்து ஒன்றைக் கழற்றிச் சேலை மடிப்பில் குத்துவது, அப்படியே மறந்து சேலையை மெஷினில் போடுவது. அந்த ஊக்குகளால்தான் என் பிழைப்பே ஓடுது என்று பாண்டிச்செல்வமே சொல்லியிருக்கிறார். அது அவர் பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

போன புரட்டாசியில் அவர் மனைவி மாரிக்கனி இறந்துபோனாள். நாற்பத்தாறு வயது. தலை வலிக்குது, செத்த நேரம் படுத்துக்கிடுதேன் என்று போய்ப் படுத்தவள்தான். மூளையில் ரத்தக்கசிவு என்று மதுரையில் சொன்னார்கள். அன்றைக்கும் பாண்டிச்செல்வம் அழவில்லை, பதினாறாம் நாளும் அழவில்லை. "கல்லு மாதிரி நிக்காரே மனுசன்" என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவர் நின்றது உண்மை. உள்ளே ஒன்றும் இல்லை என்பதும் உண்மை. தாலித் தங்கத்தை எடுத்துக்கொண்டு மஞ்சள் கயிற்றை மட்டும் அவள் கழுத்தில் விட்டிருந்தார்கள். அந்தக் கயிற்றில் மூன்று ஊக்கு அப்படியே தொங்கியது. அன்றைய நாளில் அவருக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

சேலைகளை எல்லாம் தேவதானத்திலிருந்து வந்த அவள் தங்கச்சி மூட்டை கட்டிக்கொண்டு போனாள். செருப்பைத் தூக்கிப் போட்டாயிற்று. சீப்பு, கண்ணாடி வளையல் என்று ஒவ்வொன்றாக யார் யாரோ ஒதுங்க வைத்தார்கள். அவர் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டோ மட்டும் மாலையோடு தொங்கியது.

தை மாதம் வீட்டு மெஷினில் தண்ணீர் நின்றது. பில்டர் அடைப்பு என்று சத்தத்தை வைத்தே தெரிந்துவிட்டது அவருக்கு. ஸ்குரூ டிரைவரோடு மெஷின் முன்னால் உட்கார்ந்தவர், மூடியில் வைத்த கையைத் திருகாமலே எடுத்துவிட்டார். மெஷின் வாங்கி நாலு வருஷம். ஒரு தடவைகூட அந்த மூடியை அவர் கழற்றியது கிடையாது. ஊருக்கெல்லாம் கழற்றவே நேரம் சரியாக இருந்தது. நாலு வருஷமாக அவள் சேலையிலிருந்து விழுந்த ஊக்கு, ரவிக்கைக் கொக்கி, கொண்டை ஊசி, முடி எல்லாம் உள்ளேதான் கிடக்கும். வீட்டில் அவளுடையது என்று மிச்சம் இருப்பது அவ்வளவுதான். திறந்தால் அதையும் எடுத்துத் துடைத்துப் போட்டுவிட வேண்டும். பொறவு ஒன்றும் இல்லை.

"அந்த மூடியத் தொடாத" என்று மட்டும் மகளிடம் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை.

மகள் அனுசியாவுக்கு இருபத்திரண்டு வயது. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணிவிட்டு, உடல் தகுதித் தேர்வுக்குத் தினமும் விடியற்காலையில் கிரவுண்டில் ஓடிக்கொண்டிருந்தாள். மண்ணும் வேர்வையுமாக இரண்டு ஜோடித் துணி தினம் விழும். மூடிக்குப் பக்கத்தில் விரல் தடிமனில் ஒரு ரப்பர் டியூப் உண்டு. அதை உருவி, அடியில் தாம்பாளத்தை வைத்து, நிரம்ப நிரம்பத் தூக்கி ஊற்றி, முழுத் தண்ணீரையும் அப்படித்தான் ஐந்து மாதமாக வடித்தாள். பிழிகிற வேலையை மெஷின் செய்யாது என்பதால் துணியைக் கையால் முறுக்கிப் போட்டாள். மழை பெய்தால் காயாது. ஈர வாடையோடு ஓடப் போவாள்.

வைகாசியில் ஒரு புதன்கிழமை தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"யப்பா, திங்கக்கிழம எனக்கு செலக்சன். ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க இதப் பாக்கலைன்னா முத்துராமலிங்கம் மாமாவ வரச் சொல்லிருவேன்."

முத்துராமலிங்கம் தென்காசி ரோட்டில் கடை வைத்திருக்கும் இன்னொரு மெக்கானிக். பாண்டிச்செல்வத்திடம் வேலை கற்று, அவர் வாடிக்கையையே பிடித்துக்கொண்டு போனவன். பில்டரைக் கழற்றினால் குப்பையைப் பார்க்கக்கூட மாட்டான், அப்படியே சாக்கடையில் தட்டுவான்.

"மெக்கானிக் வீட்டுக்கு மெக்கானிக்கக் கூப்பிடப் போறியாட்டி" என்றார்.

"வேற என்ன செய்ய. நீங்கதான் வர மாட்டேங்கிறீகளே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அசதியாகச் சொன்னாள்.

மறுநாள் வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்பனா என்கிற வாடிக்கைக்காரியிடமிருந்து போன் வந்தது. புருஷன் ராணுவத்தில், ஜம்முப் பக்கம். லீவில் வருகிறார், மெஷின் ஓட வேண்டும் என்றாள். பாண்டிச்செல்வம் போய் முதலில் வெளிப்பைப் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தார். பழைய கிளிப் துருப்பிடித்து இற்றிருந்தது. புதுசு மாட்டிவிட்டு, பழசை வழக்கம்போலச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு பில்டர் மூடி. அது ஜாம் ஆகிக் கிடந்தது, குறடு போட்டு முறுக்கித்தான் வந்தது. யாரும் தொடாத மூடி அப்படித்தான் இருக்கும்.

அவரிடம் ஒரு வழக்கம். பில்டரில் கிடைத்ததை அவராகத் தூக்கிப் போட மாட்டார். செய்தித்தாளை விரித்து, ஒவ்வொன்றாக வரிசையில் வைத்து, வீட்டுப் பொம்பளையைக் கூப்பிடுவார். ஆரம்பத்தில் ஒரு வீட்டில் ஒற்றைத் தோட்டைக் காணோம் என்று அவர்மேல் சந்தேகப்பட்டதிலிருந்து வந்த பழக்கம்.

"எண்ணிப் பாத்துக்கோ தாயி" என்றார்.

ஐந்து ஊக்கு, ஒரு பித்தளைப் பொத்தான், ஒரு ரூபாய் நாணயம், பிள்ளையின் கோலிக்குண்டு. கல்பனா பொத்தானை மட்டும் எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"இது அவுக யூனிபார்ம்ல உள்ளது. போன லீவுல அம்புட்டுத் தேடுனோம். நான்தான் தொலைச்சேன்னு ஒரு நாள் பூராப் பேசலண்ணே அவுக." சிரித்தாள். ஊக்குகளை எடுத்து வரிசையாகத் தாலிக்கயிற்றில் மாட்டிக்கொண்டாள். மாட்டும்போது அவை ஒன்றோடொன்று பட்டுக் கிணுகிணுத்தன. பாண்டிச்செல்வம் திரும்பிக்கொண்டு சாமான்களை எடுத்துப் பையில் வைத்தார்.

வெள்ளி போனது. அன்றைக்கு அனுசியா அவர் சட்டைகளையும் சேர்த்துத் துவைத்தாள். சனியும் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் போனைக் கையில் எடுத்தாள்.

"இரு" என்றார் பாண்டிச்செல்வம்.

டியூபை உருவித் தண்ணீரை வடித்தார். செய்தித்தாளை எடுத்துவந்து தரையில் விரித்தார். பிறருடைய வீடுகளில் விரிப்பது போலவே நான்கு முனையும் நீவி விரித்தார். எத்தனை ஊக்கு இருக்கும் என்று ஐந்து மாதமாக மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார். குறைந்தது முப்பது. அவற்றைப் போட்டு வைக்க ஒரு சின்ன டப்பாவைக்கூட எடுத்து வைத்திருந்தார்.

மூடியில் குறடு போடப் போனவர், சும்மா ஒரு தடவை கையால் திருகிப் பார்த்தார். மூடி கையோடு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நாலு வருஷம் தொடாத மூடி இப்படி வராது. அவர் தொழிலில் வந்ததே கிடையாது.

பில்டரை உருவித் தாளில் தட்டினார். சாம்பல் நிறத்தில் நூல் அடைசல் ஒரு கட்டி விழுந்தது. அதைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் வைத்தார்.

ஒரு ஸ்குரூ. இன்னொரு ஸ்குரூ. வாஷர் இரண்டு. செம்பு நிறத்தில் ஒரு நீள ஸ்குரூ. அது கார்த்திகையில் சுந்தரபாண்டியத்து வாத்தியார் வீட்டில் மிச்சம் விழுந்தது, அவருக்கு நன்றாகத் தெரியும். மாசியில் சோழபுரத்தில் கழற்றிய பியூஸ். நாலைந்து நட்டு. எல்லாவற்றுக்கும் மேலே, வியாழக்கிழமை கல்பனா வீட்டில் பைக்குள் போட்ட துருப்பிடித்த கிளிப்.

கையை உள்ளே விட்டு விரலால் மூலை மூலையாகத் துழாவினார். வழவழப்பான பிளாஸ்டிக்தான் பட்டது. அவள் போவதற்கு முந்தைய எதுவும் அதில் இல்லை. ஒரு ஊக்குகூட இல்லை.

"ஏட்டி, இத யாராச்சும் தொறந்தாகளா?"

"அம்மாதான்" என்றாள் அனுசியா. "அமாவாசைக்கு அமாவாசை அடுப்பு கழுவுற அன்னைக்கே இதையும் கழத்திக் கழுவிரும். மெக்கானிக் வீட்டு மெஷின் அடைச்சா அவுகளுக்குத்தான் அசிங்கம்னு சொல்லும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது.

"துணி போடுறதுக்கு முந்தி உங்க சட்டைப் பைய உதறிட்டுத்தான் போடும். நான்தான் மறந்து மறந்து போட்டுருக்கேன் போல. கோவப்படாதீங்கப்பா."

ஜன்னல் கட்டையில் ஒரு ஊறுகாய் பாட்டில் இருந்தது. வேலைக்கு ஸ்குரூ தேவைப்பட்டால் இருபது வருஷமாக அதிலிருந்துதான் எடுப்பார். எப்போது கை விட்டாலும் இருக்கும். இந்தப் பங்குனியில் பாட்டில் தீர்ந்துபோனது, கடையில் அரைக் கிலோ வாங்கினார். அது எப்படி நிரம்பிக்கொண்டே இருந்தது என்று ஒருநாளும் அவர் யோசித்ததில்லை.

அனுசியா பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து தாளைப் பார்த்தாள். அவர் எடுத்து வைத்திருந்த டப்பாவையும் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது.

"அம்மாவோடது எதுவும் கெடக்காப்பா?"

எட்டு மாதத்தில் முதல் தடவையாக, வரிசையாக வைத்த ஸ்குரூக்கள் அவர் கண்ணுக்குள் கலங்கிக் கரைந்தன.

"எண்ணிப் பாத்துக்கோ தாயி" என்றார். "அம்புட்டும் என்னோடதுதான்."

சொல்லிவிட்டு, நனைந்த கையோடு சட்டைப் பையைத் தடவினார். அதற்குள் இன்னும் இரண்டு ஸ்குரூ கிடந்தன. அவற்றை எடுத்துத் தாளில் வைக்கப் போனவர், முடியாமல் மெஷினில் தலையைச் சாய்த்து அழுதார்.