தட்டில் வராத அடைப்பு

"எடுத்த அடைப்பைக் காட்டு தாயி" என்று பேச்சியம்மாள் கேட்டபோது, அவர் என்ன கேட்கிறார் என்றே எனக்குப் புரியவில்லை.

மதுரையில் ஒரு தனியார் இதய மருத்துவமனையில் நான் கவுன்சலர். டாக்டர் சொல்வதை நோயாளியின் வீட்டாருக்குத் தமிழில் விளக்குவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிளாக், கிளாட், அக்ளூஷன், ஸ்டெனோசிஸ் என்று அடைப்புக்கான வார்த்தைகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. அதில் கர்வமும் உண்டு. அன்று பேச்சியம்மாளின் கணவருக்கு ஸ்டென்ட் வைத்து முடித்ததும் டாக்டர், "பிளாக் கிளியர்" என்றார். நான் வெளியே வந்து, "அடைப்பை எடுத்தாச்சும்மா" என்றேன்.

அதற்குத்தான் அந்தக் கேள்வி.

"என் தங்கச்சிக்குக் கர்ப்பப்பை எடுத்தப்ப தட்டுல வச்சுக் காமிச்சாக. இந்தா நிக்கிறானே என் தம்பி, இவன் குடல்வாலையும் காமிச்சாக. இதை மட்டும் எங்க வச்சிருக்கீக?"

"இதைக் காட்ட முடியாதும்மா."

"எடுத்திருந்தாத்தானக்கா காட்டுவாக" என்றார் தம்பி தவமணி. "கையில ஒரு ஓட்டை. நெஞ்சைத் தொடவே இல்ல. மச்சானை வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம். வண்டிக்குச் சொல்றேன்."

அவர் போனை எடுத்துவிட்டார். நோயாளி அப்போதுதான் ஐசியூவுக்குப் போயிருந்தார். அந்த நிலையில் அவரை அசைப்பது ஆபத்து. நான் உள்ளே ஓடினேன்.

"சார், அந்த பிளாக் எங்க போச்சு?"

டாக்டர் என்னை வினோதமாகப் பார்த்தார். "எங்கயும் போகலம்மா. பலூனால ஓரமா அமுக்கியிருக்கு. ஸ்டென்ட் அதைத் தாங்கிப் பிடிச்சிருக்கு."

"அப்ப கிளியர்னு சொன்னீங்களே?"

"ரத்தம் ஓடுதுல்ல?"

பலூன் ரத்தக்குழாயை விரிக்கும் படத்தைக் காட்டி எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அடைப்பு எங்கே போகிறது என்று நானே யோசித்ததில்லை. திரும்பி நடந்துகொண்டே யோசித்தேன். எடுத்தோம் என்றால் காட்டச் சொல்வார்கள். எடுக்கவில்லை என்றால் கிளம்பிவிடுவார்கள்.

"அம்மா, அதை எடுக்கல. உள்ளதான் இருக்கு. ஓரமா அமுக்கி, வலை மாதிரி ஒண்ணு வச்சுத் தாங்கியிருக்காங்க."

"பாத்தியாக்கா! நான் சொன்னேன்ல!"

பேச்சியம்மாள் அவரைக் கையமர்த்தினார். "அப்ப திரும்ப அடைக்குமா?"

"மாத்திரையை நிப்பாட்டினா அடைச்சிரும்மா."

"போட்டுக்கிட்டே இருந்தா?"

"அடைக்காம இருக்கத்தான் மாத்திரை. அதுக்கு மேல உறுதியாச் சொல்ல எனக்குத் தெரியல."

பேச்சியம்மாள் தம்பி பக்கம் திரும்பி, "வண்டி வேணாம்னு சொல்லுடா" என்றார். "எடுத்துட்டாகன்னா உங்க மச்சான் மாத்திரையத் தூக்கி எறிஞ்சுட்டு நாளைக்கே மாட்டைப் பிடிச்சுக்கிட்டுக் கெளம்பிருவாரு. உள்ளதான் இருக்குன்னா பயந்துக்கிட்டுக் கெடப்பாரு."

இப்போதெல்லாம் நான் "எடுத்தாச்சு" என்று சொல்வதில்லை. உள்ளதைச் சொல்கிறேன். சிலர் பயந்து மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்கள். சிலர், "எடுக்காததுக்கா இம்புட்டு பில்லு?" என்று சண்டைக்கு வருகிறார்கள். எது நல்லது என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: ஒரு வார்த்தையை வெளியே கொண்டு போவதற்கு முன், உள்ளே நடந்தது என்ன என்று கேட்டுவிடுங்கள். டாக்டர் வினோதமாகப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.