துண்டு மூடிய ஒயர் கூடை

பிள்ளைகளா, நம் வீட்டுச் சுவரில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற அந்தச் சான்றிதழை வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறீர்கள். அத்தா குண்டு வைக்கிறவர்களைத் தடுக்கப் பயிற்சி எடுத்தவர், போலீஸ் அதிகாரி கையாலேயே வாங்கியது என்று சொல்கிறீர்கள். அதில் பொய் இல்லை. ஆனால் நீங்கள் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுவதைக் கவனித்திருப்பீர்கள். நான் எட்டாவது வரை படித்தவன். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

நான் செக்யூரிட்டியாக நிற்கிற ஆஸ்பத்திரி தாம்பரத்தைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. வாசலில் பெண்களைச் சோதிக்க என்னோடு ஒரு அக்கா நின்றார். உங்களுக்கு அவரைத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு நமக்குக் கேக்கும் முறுக்கும் கொடுத்தனுப்புவாரே, அவர்தான். பம்மலில் நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவரும் அவர் வீட்டுக்காரரும் முன்பு தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தவர்கள். வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கு டயாலிசிஸ் சலுகையில் செய்வார்கள். வாரத்தில் மூன்று நாள் அவர் வந்து படுத்துக்கொள்வார், அக்கா கீழே வாசலில் நிற்பார். அக்கா அந்த வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றது சம்பளத்துக்காக இல்லை.

எங்கள் வாசலில் ஒரு பழக்கம் இருந்தது. மதுராந்தகம், செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வருகிற ஜனங்கள் பதற்றத்தில் பையை எங்காவது வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அக்கா அதை எடுத்து வந்து எங்கள் மேஜைக்கு அடியில் வைப்பார். சாப்பாடாக இருந்தால் வைக்க மாட்டார். கெட்டுப்போகும், மேலே யாரோ பசியோடு இருப்பார்கள் என்று அவரே வார்டு வார்டாகக் கொண்டுபோய்க் கேட்பார். ஒரு நாளும் சாப்பாட்டோடு திரும்பி வந்ததில்லை.

அப்புறம்தான் பயிற்சி வந்தது. மேடவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். போலீஸ்காரர்கள், ஹோட்டல், மால், ஆஸ்பத்திரி செக்யூரிட்டிகள் எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்தார்கள். மேடையில் முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகள்கூட எடுக்கப்படவில்லை. மணமக்கள் பெயருக்குக் கீழே நின்றுகொண்டு, ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் வெடித்துச் சிதறிய ரயில் பெட்டிகளின் படங்களைக் காட்டினார். அவருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. எப்படி என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

திரையில் தாடி வைத்த முகங்கள் வந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டார்கள். நான் நேராக உட்கார்ந்து எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். மற்றவர்கள் தவறினால் அது வெறும் தவறு. நான் தவறினால் அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும்.

ஆளில்லாத பை கிடந்தால் தொடாதே, திறக்காதே, நகர்த்தாதே. ஆட்களை விலக்கிவிட்டு மேலே தகவல் சொல். இதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா என் காதருகே வந்து, "அப்போ நம்ம டிபன் பாக்ஸைக்கூட தூரத்துல நின்னு கும்பிட்டுகினு போணுமா பாய்?" என்றார். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அதிகாரிக்கும் கேட்டுவிட்டது, அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "பையைப் பார்த்து இரக்கப்படாதீங்கம்மா. வைக்கிறவன் உங்க இரக்கத்தை நம்பித்தான் வைக்கிறான்" என்றார்.

அவர் சொன்னது தவறு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஒத்திகை ஒன்று நடக்கும், எந்த நாள் என்று சொல்ல மாட்டோம் என்று சொல்லி அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் எல்லோரும் அதை மறந்துவிட்டோம். ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம், நான் வெளியே கார்களுக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே மருந்துக் கவுண்டருக்கு எதிரே ஒரு நாற்காலியில் ஒயர் கூடை ஒன்று இருந்தது. ஃபிளாஸ்க்கின் கழுத்து வெளியே தெரிய, மேலே ஒரு வெள்ளைத் துண்டை மடித்துப் போர்த்தியிருந்தார்கள். நம் வீடுகளில் கஞ்சி ஆறாமல் இருக்கப் போர்த்துவோமே, அச்சாக அதே மாதிரி. அதைச் செய்தவர் தன் வேலையை நன்றாகத் தெரிந்தவர்.

அக்கா சுற்றி இருந்தவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறிவிட்டார். அந்த ஒத்திகைக்காக வந்த ஒருவர் சாதாரணச் சட்டையில் அவர் பின்னாலேயே போயிருக்கிறார். பிரசவ வார்டு, எலும்பு முறிவு வார்டு, குழந்தைகள் வார்டு. ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, யாருதும்மா இது, யாருது இது என்று அக்கா கேட்கக் கேட்க, அந்த ஆள் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தாராம். கடைசியில் டயாலிசிஸ் அறை. அங்கே அக்காவின் வீட்டுக்காரர் கையில் குழாயோடு படுத்திருந்தார். கூடையைப் பார்த்ததும், எனக்கா கொண்டாந்தே என்று கேட்டிருக்கிறார். உனக்குத் தண்ணியே அளந்துதான், உனக்கு எதுக்குக் கஞ்சி என்று அக்கா அவரைக் கேலி செய்ததாக அங்கிருந்த நர்ஸ் பிறகு என்னிடம் சொன்னாள். அவருக்கும் ஒரு கோடு விழுந்தது.

சாயங்காலம் கேன்டீனில் எங்களைக் கூட்டினார்கள். விரல் மடங்காத அதே அதிகாரி வந்திருந்தார். அந்தக் காகிதத்தைப் பார்த்து எந்த வார்டில் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று மெதுவாகப் படித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். டயாலிசிஸ் அறைக்கு வந்தபோது, அதுவரை தலை குனிந்து நின்ற அக்கா நிமிர்ந்தார்.

"அங்க என் வூட்டுக்காரரு கீறாரு சார்."

அதிகாரி காகிதத்தை மடித்தார். "அவரும்தாம்மா" என்றார்.

அக்காவை நீக்க வேண்டாம், மறுபடி பயிற்சிக்கு அனுப்பினால் போதும் என்று அவர் நிர்வாகத்திடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஆனால் ஆஸ்பத்திரி வேறு ஆளைக் கேட்டது. எங்களை அங்கே நிறுத்திய செக்யூரிட்டி ஏஜென்சி அக்காவை வேலையை விட்டு நீக்கவில்லை. பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கிற ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். சம்பளத்தில் ஒரு பைசா குறையவில்லை. ஆஸ்பத்திரியில் நிற்கிறவர்களுக்கு மட்டும்தான் சலுகை.

குப்பை அள்ளுகிறேன், கக்கூஸ் கழுவுகிறேன், இந்தக் கட்டடத்துக்குள் எங்காவது போடுங்கள் என்று அக்கா கேட்டுப் பார்த்தார். நானும் சூப்பர்வைசரிடம் போய்ப் பேசினேன். அவன் கெட்டவன் இல்லை. என்னைத் தனியாகக் கூட்டிப்போய், "பாய், இது குண்டு சமாச்சாரம். இதுல நீ பேசாத. உன் நல்லதுக்குச் சொல்றேன்" என்றான். அவன் என்ன சொல்கிறான் என்று புரிந்தது. அடுத்த வாரம் இன்னொரு தடவை பேசினேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அக்காவின் வீட்டுக்காரர் அரசு ஆஸ்பத்திரிக்கு மாறினார். அங்கேயும் நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் மெஷின் கொஞ்சம், ஆட்கள் நிறைய. வாரத்துக்கு மூன்று தடவை இரண்டானது. அக்கா பள்ளிக்கரணையிலிருந்து வந்து சேர்வதற்குள் சில நாள் அவருடைய முறை தாண்டிவிடும். பஸ் ஸ்டாப்பில் ஒரு தடவை அவர்களைப் பார்த்தேன். அவர் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. கையில் பிடித்திருந்தார். என்னைப் பார்த்து, "இன்னா பாய், வாசல் பத்திரமா கீதா?" என்று சிரித்தார்.

சான்றிதழ் அந்த நாட்களில்தான் வந்தது. அதே மருந்துக் கவுண்டருக்கு எதிரே ஒரு கூடை ஆளில்லாமல் இருந்தது. நான் விசில் ஊதினேன், கயிறு கட்டினேன், ஜனங்களை வெளியே அனுப்பினேன். போலீஸ் நாயோடு வந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் ஓடிவந்து, பாத்ரூமுக்குத்தான் போனேன், என் பொண்ணுக்குக் கஞ்சி சார், ஆறிடும் சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அவரை நம்பத்தான் தோன்றியது. சொல்கிறவன் பேச்சையும் நம்பாதே என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். திறந்து பார்த்தபோது கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும்தான் இருந்தன. ஆனாலும் நான் நடந்துகொண்ட விதம் சரி என்று எல்லோரும் பாராட்டினார்கள். அதே மண்டபத்தில் மேடைக்கு அழைத்துச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். நீங்கள் கை தட்டினீர்கள்.

மழை ஆரம்பித்த வாரத்தில் அக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். நான் போனபோது தெருவில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் தண்ணீர் தேங்கி துணி தொங்கியது. உள்ளே சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா பாடவில்லை, அழவுமில்லை. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் ஒரு ஸ்டூலைத் தள்ளினார். அந்த ஆஸ்பத்திரியையோ வேறு யாரையோ திட்டுவார் என்று நினைத்தேன்.

"பாய், அன்னிக்கு அந்தக் கூடையில இன்னாதான் வெச்சிருந்தாங்க?"

நான் பார்த்திருந்தேன். கேன்டீனில் மேஜைமேல் பிரித்து வைத்திருந்தார்கள். அரைச் செங்கலைப் பேப்பரில் சுற்றி, அதன்மேல் வெறும் ஒயரை ஒட்டியிருந்தார்கள் என்று சொன்னேன்.

"ஃபிளாஸ்க்குல?"

"ஒண்ணுமில்லக்கா. காலி."

அவர் பெட்டியின் விளிம்பில் கை வைத்தார். பிறகு, "கனமா இருந்துச்சு பாய். யாரு வூட்லயோ நெறய கஞ்சி வெச்சுக் குடுத்துருக்காங்கன்னு நெனச்சேன்" என்றார்.

பெட்டியைத் தூக்கும்போது ஒரு பக்கம் நானும் பிடித்தேன். வீட்டுக்கு வந்தபோது நீங்கள் ஆணி அடித்துச் சான்றிதழை மாட்டி முடித்திருந்தீர்கள். நேராக இருக்கிறதா அத்தா என்று கேட்டீர்கள். இருக்கிறது என்றேன்.

மறுநாள் டூட்டிக்குப் போனேன். கவுண்டருக்கு எதிரே நாற்காலியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. விசிலை எடுத்து வாயில் வைத்தேன்.