ஒன்பதாம் நம்பர் டெய்லர் வீட்டுக்கு

அப்பா அண்ணனுக்குத் தைத்துக் கொடுத்த கையுறை இன்னமும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தாராவியில் அவர் வேலை பார்த்த தோல் கார்கானாவில் கைப்பைக்கு வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுகளைச் சேர்த்துவைத்து, உள்ளங்கைப் பக்கம் இரண்டு மடிப்பு கொடுத்து, மணிக்கட்டில் பட்டை வைத்துத் தைத்திருந்தார். கடையில் விற்கிற கோல் கீப்பர் கையுறையைவிட இது நன்றாக இருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். ஒரே ஒரு குறை. மழையில் நனைந்தால் பந்து அதில் நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். பம்பாயில் நாலு மாசம் மழை. பந்தாட்டம் நடப்பதும் அந்த மாசங்களில்தான். எங்கள் டீமைப் பற்றி இதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். வயிறு எரிகிறது, சொல்லாமல் எப்படி இருப்பது?

எங்கள் சந்தில் திருநெல்வேலிப் பக்கத்து ஒரே ஊரிலிருந்து பிழைக்க வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் பதினொன்று. கோவில் திருவிழாவில் பத்து நாளும் நாளுக்கு ஒரு வீட்டு முறை, கொடியேற்றம் பதினோராவது வீட்டுக்கு. யாருடைய முறையிலும் யாரும் தலையிடக் கூடாது. தலையிட்டால் வெட்டுக்குத்து வரைக்கும் போகும். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு என்று ஒரு பந்தாட்ட டீம் ஆரம்பித்தபோது, எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே நியாயத்தை அங்கேயும் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பதினோரு வீடு, பதினோரு பேர் ஆடுகிற ஆட்டம். சாமியே கணக்குப் போட்டுக் கொடுத்ததுபோல இருந்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு நம்பர். அந்த நம்பருக்கு உரிய இடம் அந்த வீட்டுக்கு. அப்பனுக்குப் பிறகு மகன், மகன் இல்லாத வீட்டில் மருமகன். ஒன்றாம் நம்பர், அதாவது கீப்பர், எங்கள் வீட்டுக்கு. முன்னால் நின்று கோல் அடிக்கிற ஒன்பதாம் நம்பர், சந்து முனையில் கடை வைத்திருந்த டெய்லர் மாமா வீட்டுக்கு.

சிரிக்காதீர்கள். இது எங்கள் சந்தில் சிரிக்கிற விஷயம் இல்லை. நெருளிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று கேட்டு முடித்ததும், இடது காலில் பந்து அடிக்க வருமா என்று கேட்ட மாமனாரை எனக்குத் தெரியும். இடது ஓரத்தில் நிற்கிற மூன்றாம் நம்பர் அந்த வீட்டுடையது. மாப்பிள்ளைக்கு வரவில்லை. ஆனாலும் கல்யாணம் ஆகி, பன்னிரண்டு வருஷம் அவர்தான் அந்த இடத்தில் நின்றார், தொந்தியைத் தூக்கிக்கொண்டு. தேவ்நாருக்குக் குடிமாறிப் போன ஆறாம் நம்பர் அண்ணாச்சி நாற்பத்தேழு வயதில் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருவார். அவரை நிறுத்திவிட்டு வேறு ஒரு நல்ல பையனைப் போடலாமே என்று சொல்கிற தைரியம் யாருக்கும் கிடையாது. மேனேஜராக இருந்த என் அப்பாவுக்குச் சுத்தமாகக் கிடையாது. "முறைன்னா முறை. நான் யாரு மாத்துகதுக்கு?" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தோற்றோம். அப்படித் தோற்றோம். மாட்டுங்கா மைதானத்துக்குள் எங்கள் ஆட்கள் நுழையும்போதே எதிர் டீம் பையன்கள், "ஆகயா, தீன் பாயிண்ட் ஆகயா!" என்று கத்துவார்கள். மூன்று பாயிண்ட் நடந்து வருகிறதாம். கடைசிப் பத்து நிமிஷம் வரைக்கும் தாக்குப்பிடித்துவிட்டு எங்கள் ஆளே எங்கள் கோலில் அடித்து முடித்த ஆட்டங்களுக்குக் கணக்கே இல்லை. ஒரு தடவை சமம் ஆனதற்கு சந்தில் பிரியாணி போட்டோம். ஒரே ஒரு தடவை ஜெயித்தோம். எதிர் டீம் வந்த வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது, வர முடியவில்லை. அப்பா அதற்கு லட்டு வாங்கி வீடுவீடாகக் கொடுத்தார், மானத்தை வாங்க. நான் ஏன் போனேன் என்று கேட்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குளுக்கோஸ் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். இன்றைக்காவது என்று ஒரு நினைப்பு. அந்தப் பாழாய்ப்போன நினைப்பு இல்லாவிட்டால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும் எனக்கு!

இதில் கொடுமை என்ன தெரியுமா? பந்தோடு ஓடத் தெரிந்த ஒருத்தன் எங்களிடம் இருந்தான். என் அண்ணன். ஆட்டம் முடிந்து எல்லாரும் கட்டிங் சாயா குடிக்கப் போன பிறகு, மைதானத்தில் மற்ற டீம் பையன்களோடு சும்மா ஆடுவான். அப்போது அவன் கீப்பர் இல்லை. பந்து காலுக்கு வந்துவிட்டால் அவனை யாரும் பிடிக்க முடியாது. அத்தனை நேரம் எங்களைக் கிண்டல் பண்ணிய பையன்களே வாயை மூடிக்கொண்டு பார்ப்பார்கள். அப்படி ஓடுகிறவன்தான் ஞாயிறுதோறும் இரண்டு கம்பத்துக்கு நடுவில் நின்று, தன்னைத் தாண்டிப் போகிற பந்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது, தங்கச்சி எனக்குப் பதினாறு.

ஒருநாள் அந்தச் சும்மா ஆட்டத்தை ஒருத்தர் பார்த்துவிட்டார். பெரிய ஆபீஸ் ஒன்றின் டீமுக்கு ஆள் எடுக்கிறவர், வெள்ளைத் தொப்பி போட்ட மராட்டிக்காரர். அண்ணனைக் கூப்பிட்டு, வருகிற ஞாயிறு உன் டீம் ஆட்டத்தைப் பார்க்க வருகிறேன், முன்னால் ஆடு, எனக்குப் பிடித்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, குவார்ட்டர்ஸ் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் சந்தில் ஆபீஸ் வேலை பார்த்தவர் அதுவரை ஒருத்தரும் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நாலு பேர் படுத்திருந்தோம். அம்மா அந்த வாரம் முழுக்க மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டே இருந்தாள். அண்ணன் மூன்று நாள் தயங்கி, நாலாம் நாள் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் கேட்டான். "ஒரே ஒரு ஆட்டம்ப்பா. நான் ஒம்பதுல ஆடுதேன்."

அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் பதில் சொன்னார். "ஏலே, அது டெய்லர் வீட்டு நம்பரு. அவங்களா குடுத்தா நான் வேண்டாங்க மாட்டேன். மேனேஜர் மவனுக்குக் குடுன்னு நானாப் போய்க் கேக்க மாட்டேன்." அம்மா அழுதாள். நான், "நீங்க கேக்க வேண்டாம், நான் போய்க் கேக்கேன்," என்று எழுந்தேன். "போனேன்னா காலை முறிச்சிருவேன்," என்றார். அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். அவன் அப்படித்தான். அப்பா சொன்னால் அவனுக்கு அது வேதம்.

ஞாயிறு வந்தது. வெள்ளைத் தொப்பிக்காரரும் வந்தார். அண்ணன் கீப்பராக நின்றான். டெய்லர் மாமா மகன் ஒன்பதாம் நம்பரில் பந்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல அலைந்துகொண்டிருந்தான். பாதி ஆட்டத்துக்குள் நாலு கோல் விழுந்துவிட்டது. அந்த மனிதர் வேர்க்கடலைப் பொட்டலத்தைக் காலி பண்ணிவிட்டு, கோல் கம்பத்துக்குப் பின்னால் வந்து, "நீ ஏன் முன்னால் ஆடவில்லை?" என்று இந்தியில் கேட்டார். நான் தண்ணீர்க் கேனோடு பக்கத்தில்தான் நின்றேன். அண்ணன் சொன்னான், "அது என் நம்பர் இல்லை சார்." அவர் வேடிக்கை பேசுகிறான் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். எங்களிடம் கீப்பர் இருக்கிறான் தம்பி என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை.

அண்ணன் அப்பா வேலை பார்த்த கார்கானாவிலேயே சேர்ந்தான். அது மூடியதும் பிளாஸ்டிக் தரம் பிரிக்கிற குடோனுக்குப் போனான். இப்போது ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன். நான் எப்படியோ படித்து, பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க் ஆகி, கல்யாணம் முடிந்து செம்பூருக்கு வந்துவிட்டேன். அப்பாமேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனாலும் அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு மரியாதையும் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். மனுஷன் பெற்ற மகனுக்காகக்கூட நியாயத்தை வளைக்கவில்லை. முட்டாள் நியாயம்தான், ஆனால் நியாயம்.

அம்மா போன பிறகு, நெஞ்சு வலி வந்து அப்பா கடைசி ஆறு மாசம் என் வீட்டில் இருந்தார். ஒருநாள் டெய்லர் மாமா அவரைப் பார்க்க வந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை, திரும்பும்போது நான் மாமாவைக் கைபிடித்துப் படியிறக்கிக்கொண்டு வந்தேன். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க நின்றவர் தானாகவே சொன்னார். "ஒங்கண்ணன நெனச்சா இப்பவும் மனசு கேக்கல தாயி. அந்தத் தொப்பிக்காரரு வந்த அன்னைக்குக் காலைல முதல் பூசை முடிஞ்ச உடனே ஒங்கப்பாகிட்ட வந்து ஒம்பதாம் நம்பர் ஜெர்சியக் கையிலயே குடுத்தேன். ஒம்ம மவன் ஆடட்டும்வேன்னு சொன்னேன். அவருதான் வேண்டாம்னு திருப்பித் தந்துட்டாரு."

அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நாலு மாடியும் ஓடி ஏறினேன். அப்பா பால்கனியில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். நோயாளி என்றுகூடப் பார்க்கவில்லை, கேட்டுவிட்டேன். "டெய்லர் மாமா அன்னைக்கு நம்பரைக் குடுத்தாராமே? உண்மையா?"

அவர் தோலை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார். "உண்மதான்," என்றார்.

"பொறவு ஏன்?"

"போயிருவாம்லா," என்றார். "எடுத்திருப்பாங்கட்டி. கண்டிப்பா எடுத்திருப்பாங்க. அவன் ஓட்டம் எனக்குத் தெரியாதா? ஜெயிக்கிற டீமுக்குப் போனவன் எவன் திரும்பி வந்திருக்கான்? குவார்ட்டர்ஸ் குடுப்பான், பொண்ணு குடுப்பான், பொறவு திருவிழாவுக்கு மட்டும் வந்து தலையக் காட்டுவான். தோக்குற டீம்ல கெடந்தாம்னா எங்கூடயே கெடப்பாம்னு நெனச்சேன்." ஒரு சுளையைப் பிட்டு வைத்துவிட்டு, "கெடந்தாம்லா," என்றார்.

நான் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அம்மா ஏற்றிய மெழுகுவர்த்தி எல்லாம் என் வாயில் வந்தது. அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "அவன்கிட்ட மட்டும் சொல்லிராத," என்றார். நான் சொல்வேன் என்றேன். அடுத்த மாசம் இறந்துபோனார்.

அடக்கத்தன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். கல்லறையில் பதினோரு வீட்டு ஆட்களும் நின்றார்கள். அண்ணன் எல்லாருக்கும் முன்னால் விம்மி விம்மி அழுதான். "எங்கப்பா மாதிரி ஒரு நேர்மையான மனுசன் உண்டா?" என்று கேட்டுக் கேட்டு அழுதான். டெய்லர் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்லவில்லை, மண் அள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அதற்கு அடுத்த வருஷம் டெய்லர் மாமாவும் போய்விட்டார். இப்போது இதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

போன ஞாயிறும் மைதானத்துக்குப் போனேன். ஆமாம், இன்னமும் போகிறேன். அண்ணனுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள், மருமகன் இன்னும் வரவில்லை. ஆகவே முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒன்றாம் நம்பரில் அவனேதான் நிற்கிறான். மேனேஜரும் அவன்தான். பாதி ஆட்டத்தில் மூன்றுக்குப் பூஜ்யம். பங்குக்குப் புதிதாக வந்திருக்கிற சின்னச் சாமியார் பார்க்க வந்திருந்தார். ஏன் இப்படித் தோற்கிறீர்கள், ஆளை மாற்றிப் போட்டால் என்ன என்று அவர் கேட்டார், பாவம், விவரம் தெரியாமல். அண்ணன் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, புதிதாக வருகிற எல்லாரிடமும் சொல்கிற அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். வெள்ளைத் தொப்பிக்காரர், குவார்ட்டர்ஸ், நாலு கோல், எல்லாம். சொல்லச் சொல்ல அவன் முதுகு நிமிர்ந்தது. எனக்கு இப்படித்தான் விளங்கியது. இந்த மனிதனுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே ஜெயம் இந்தக் கதைதான். வேலை போயிற்று, கால் போயிற்று. ஆனால் எல்லாம் ஒரு நேர்மைக்காகப் போயிற்று என்று நம்பிக்கொண்டிருக்கிறான். அதையும் பிடுங்கிவிட்டு அவனிடம் நான் எதைக் கொடுப்பேன்?

"டெய்லர் வீட்டுல அவங்களா குடுத்திருந்தா எங்கப்பா விட்டிருப்பாரு சாமி. அவங்க குடுக்கல. இவரும் கேக்கல. பெத்த மவனுக்காகக் கூட கேக்கல," என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். "கேட்டுப் பாருங்க, இவளும் அன்னைக்கு இருந்தா. என்னட்டி, நான் சொல்லுகது சரிதான?"

சாமியார் என்னைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தான், சிரித்த முகமாக.

"சரிதாண்ணே," என்றேன். "அவங்க குடுக்கல."