கடல் திருப்பிக் கொடுத்த தாள்கள்

எங்கள் வங்கியின் அச்சறைக்குப் புதிய இயந்திரம் வந்திருந்தது. மாதக் கணக்கறிக்கைகளை மூட்டை மூட்டையாக அடித்துத் தள்ளுமாம். முதல் ஓட்டத்தில் மை பரவிக் கெட்ட தாள்களை, துண்டாக்கும் மெஷினுக்காக ஊழியர் ஒதுக்கி வைத்தார். அந்த மை வாசனை என்னைக் கீழக்கரைக்கு இழுத்துப்போனது.

என் வாப்பா அங்கே ஒரு சங்கு வியாபாரக் கம்பெனியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். கொழும்புப் பங்காளிகளுக்கான வருடக் கணக்கைக் கையால்தான் பிரதி எடுப்பார்; ஒவ்வொன்றின் உச்சியிலும் இறைவன் பெயருக்கு ஈடான 786-ஐ எழுதுவார். பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷின் வந்ததும், பழக்கதோஷத்தில் அதன் மூலத்தாளான ஸ்டென்சிலின் உச்சியிலும் அதை எழுதிவிட்டார். எல்லாத் தாளிலும் அந்த எண் விழுந்தது; மை அப்பிப் பாதித் தாள்கள் கெட்டுப்போயின. அந்த எண் இருக்கிற தாளைக் குப்பையில் போடலாமா? எழுத்து நீரில் கரையட்டும் என்று கூடையில் அள்ளிக் கடலில் விட்டார்.

எண்ணெய் மை கரையவில்லை. மறுநாள் மீன் வாங்க வந்தவர்கள், கரையில் ஒதுங்கிய தாள்களில் கம்பெனியின் நட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊருக்கே காட்டிப்புட்டியேப்பா!" என்றார் முதலாளி.

"அல்லா பேரு மிதிபடுமேன்னுதான் மொதலாளி..."

முதலாளி ஈரத் தாள் ஒன்றை எடுத்து மணலைத் தட்டினார். "இனிமே அந்த நம்பரை மெஷினுல போடாத. நல்லா வந்த தாளுல நானே எழுதிக்கிறேன்."

அச்சறையில் ஒதுக்கிய தாள்களைப் புரட்டினேன். ஒன்றின் உச்சியில் வாடிக்கையாளர் பெயர்: அப்துல்லா. அதற்குள்ளும் அல்லாவின் பெயர் இருந்தது. வாடிக்கையாளர் தாளை வெளியே கொண்டுபோவது விதிப்படி தவறுதான். அந்தத் தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.